பாலத்துக்கு அடியில் போய்ப் பாலத்தில் ஏறு

பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும்போது ரோட்டோரம் நின்று எழுதுவது லேசான வேலை இல்லை. அட்டையில் கிளிப் மாட்டி, மேலே ரப்பர் பேண்டும் போட்டால்கூடத் தாள் படபடக்கும். அப்படி ஒரு ஆடியில்தான் நான் ஒரு முச்சந்தியில் வண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே ஒரு ரோடு பிரிகிற இடம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே வரப்போகிற பாலத்துக்கு இன்னும் நிலப் பேச்சு முடியவில்லை.

எனக்கு வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். சர்வே கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கட்டம். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நேராகப் போவது, இடது திரும்புவது, வலது திரும்புவது எல்லாம் தனித்தனித் தாள். ஓணம் நெருங்குவதற்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். பூ வண்டியும் காய்கறி வண்டியும் வரிசை கட்டும் வாரத்தில் எண்ணினால் கணக்கு வீங்கிவிடும். எண்ணிய வண்டிகளைப் பிறகு காராக மாற்ற வேண்டும். சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அட்டவணைப்படி லாரி 3 காருக்குச் சமம், பைக் அரைக் கார், மாட்டு வண்டி 8 கார். அந்த ஏழு நாளில் எனக்கு வந்தது ஒரே ஒரு மாட்டு வண்டி. அதை எட்டு என்று எழுதும்போது கொஞ்சம் மரியாதை தோன்றியது. நடந்து குறுக்கே போகிறவர்களுக்கு அந்த அட்டவணையில் எண்ணே கிடையாது.

2017இல் ஜிஎஸ்டி வந்து வாளையார்ச் செக்போஸ்ட்டில் வரி சோதனை நின்றபோது, இனி நெரிசல் ஒழிந்தது என்று எங்கள் பக்கம் எல்லோரும் பேசிக்கொண்டோம். செக்போஸ்ட்டில் கிடந்த நேரம் மிச்சமானதுதான். ஆனால் முச்சந்தி அப்படியே இருந்தது. வலது திரும்பும் ஒரு ட்ரெய்லர் குறுக்கே நின்றால் இரண்டு பக்கமும் அடைபடும்.

முச்சந்தியில் வண்டிப் பாதைகள் ஒன்பது இடத்தில் உரசும். பிரிவது மூன்று, சேர்வது மூன்று, குறுக்கே வெட்டுவது மூன்று. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்றுதான். பாலம் கட்டி ஒரு பாதையை இன்னொன்றின் மேலே தூக்கிவிட்டால் அந்த மூன்றும் போய்விடும். மூன்று கை உள்ள இடத்துக்கு வழக்கமாகப் போடுவது ட்ரம்பெட். மேலிருந்து பார்த்தால் ஊதுகிற குழல் மாதிரி இருக்கும். ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒரு பெரிய வளைவு, நடுவில் பாலம்.

எங்கள் தாள்களை வைத்துத்தான் வரைந்தார்கள். தெற்கிலிருந்து வந்து கோவைக்குத் திரும்பும் வண்டிகள் அதிகம், அதனால் அவர்களுக்கு அகலமான வெளிவளைவு. திருச்சூரிலிருந்து வந்து தெற்கே போகிறவர்கள் குறைவு, அவர்களுக்கு உள்வட்டம். காகிதத்தில் நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் பெருமை, கோடு போட்ட கை அல்லவா.

விட்டுப்போன ஒரு இரவுக் கணக்குக்காகத் திரும்பவும் போனபோது, வடக்கு ஓரத்துச் சாயாக்கடையில் சங்ககிரிக்காரர் ஒருவர் லாரியை நிறுத்தியிருந்தார். கொச்சியில் இறக்கிவிட்டுப் பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றப் போகிறவர். இங்கே என்ன கட்டப்போகிறார்கள் என்று கேட்டார். நான் பெஞ்சில் படம் போட்டேன். பெஞ்சு விளிம்பு நெடுஞ்சாலை, மடித்த தினசரி பாலம், கிளாஸ் வைத்து எடுத்த ஈர வளையம்தான் வட்டம்.

“நீங்க நேரா வந்து, பாலத்துக்கு அடியில போய், அந்தப் பக்கம் இடது ஒடிச்சு, வட்டம் சுத்தி, பாலத்து மேல ஏறி, தெற்கே இறங்கணும்.”

“ஏன் தம்பி, பாலத்து மேல போறதுக்கு எதுக்குப் பாலத்துக்கு அடியில போகோணும்?”

“வட்டம் அந்தப் பக்கம் இருக்குதுங்கண்ணா.”

“ராத்திரி மழையில பாலத்தைக் கண்டா நான் அதுக்கு முன்னாலயே ஒடிக்கப் பார்ப்பேன். வழியைக் காணோம்னு பிரேக் அடிப்பேன். பின்னால வர்றவன் என்ன பண்ணுவான்?”

பதில் என்னிடம் இல்லை. பிரிகிற வழி பாலத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வரைபடத்தை மேலிருந்தே பார்த்துப் பழகியதால் எங்களில் ஒருவருக்கும் அது தட்டவில்லை. அவர் கேபினிலிருந்து பார்த்தார், அவ்வளவுதான். வலது போக இடது ஒடி என்பதே புதுசு. அதோடு பாலத்தைத் தாண்டிய பிறகு ஒடி என்றால், எத்தனை போர்டு வைத்தாலும் மலையாளம் படிக்கத் தெரியாத ஆள் தடுமாறத்தான் செய்வார்.

ஆபீசில் சொன்னேன். சீனியர் முதலில் “டிரைவர் சொன்னாரா?” என்று சிரித்தார். அப்புறம் ஒரு இரவு அவரே திருச்சூர் பக்கமிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அடுத்த வாரம் திருத்திய படம் வந்தது. வட்டம் பாலத்துக்கு மேற்கே, திருச்சூர் பக்கமாகப் போனது. திருச்சூர் வண்டி இப்போது பாலத்துக்கு முன்பே பிரிந்து வெளிவளைவில் போகும், தெற்கிலிருந்து வருகிறவர்கள் வட்டம் சுற்றுவார்கள். அவர்கள்தான் அதிகம், வட்டத்துக்குள் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது. அதனால் கொஞ்சம் நேரம் போகும். போகட்டும் என்றார் சீனியர். எனக்கும் சரி என்றே பட்டது.

அடுத்த முறை போனபோது கடைக்காரச் சேட்டன் சாயாவை நீட்டிவிட்டு, “ஆ படம் ஒண்ணு கூடி வரைக்கு” என்றார். பழையபடி தினசரியை மடித்து வைத்தேன். கிளாஸை இந்தமுறை தினசரிக்கு மேற்கே வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். ரோடு எது, பாலம் எது, பஸ் ஸ்டாப் எது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார். எல்லாம் சொன்னேன்.

“அப்போ என்றெ கட எவிடெ?”

கிளாஸில் பாதிச் சாயா மிச்சம் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.