தெரிந்ததையே சொல்லித்தருகிறார்கள்

சென்னையில் மேம்பாலம், நிலத்தடி ரயில் நிலையம் என்று சைட்டிலேயே வளர்ந்தவள் நான். டொராண்டோவில் கான்கிரீட் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்ததும், எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லித்தந்தார்கள். தெரியாததைச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

கலந்து தயாராக வரும் கான்கிரீட்டோடு ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கும். என்னோடு வரும் மூத்த டெக்னீஷியன் ஸ்லம்ப் கோனை, அதாவது ஈரக் கான்கிரீட் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் கூம்பு அச்சை, கையில் எடுத்து, "இதுக்குப் பேர் கோன். உயரம் 300 மில்லிமீட்டர். மூணு அடுக்கா நிரப்பணும், ஒவ்வொண்ணுக்கும் 25 குத்து" என்று ஆரம்பிப்பார். அடுத்த லாரிக்கும் அதே பாடம். அதே வாரம் சேர்ந்த பையன், கல்லூரி முடித்து நேராக வந்தவன், பக்கத்தில் நிற்பான். அவனிடம், "முன்னாடி எங்க வேலை பார்த்தே?" என்று கேட்டார். என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

2023 மே மாதம் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியாளர் உரிமத்துக்குக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். புதிதாக உரிமம் பெறுவோரில் 2030க்குள் 30 சதவீதம் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று நாடு முழுக்க ஓர் இலக்கும் உண்டு. நல்ல விஷயங்கள்தான், மனசார வரவேற்கிறேன். ஆனால் சைட்டில் எதிரே நிற்பவர் கண்ணில் என் பழைய வேலை இன்னும் படவில்லை.

எனக்கு உண்மையிலேயே புதிதாக இருந்தது குளிர். சென்னையில் எங்கள் கவலையெல்லாம் வெயில்: கலவையில் ஐஸ், ராத்திரி வேலை, நனைத்த சாக்கு. இங்கே 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்றாலே ஹீட்டரும் கான்கிரீட்டை மூடக் கனமான போர்வைகளும் வந்துவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அதற்கு இடம் வேண்டும் என்றுதான் கலவைக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். அந்தக் காற்றின் அளவைப் பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அதைப் பற்றி அந்த மூத்த டெக்னீஷியனிடம் கேட்டேன். "அது கொஞ்சம் சிக்கல். போகப் போகப் புரியும்" என்றார்.

சென்னையிலும் இது உண்டு. கேள்வி நான் கேட்டால், கான்ட்ராக்டர் என் ஜூனியரைப் பார்த்துப் பதில் சொல்வார். "அண்ணே, கேட்டது நான்" என்றால் திரும்பிவிடுவார். இங்கே சிரித்த முகத்தோடு, பொறுமையாக விளக்குகிறார்கள். மரியாதையாகப் பேசுகிறவரை மறித்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குப் புதிது, சம்பளம் முக்கியம், கூட நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு. ஊரை விட்டு வந்த பல பெண்கள் வாயை மூடிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கடைசியில் ஒருநாள் அந்த டெக்னீஷியன் கோனை எடுக்கும்போதே சொன்னேன்: "இதை நான் வருஷக்கணக்கா செஞ்சிருக்கேன். நான் பாத்துக்கறேன். நீங்க எனக்கு ஏர் மீட்டரைக் காட்டுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மீட்டரை எடுத்துவந்து முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தை நிரப்பி, பக்கவாட்டில் சுத்தியலால் தட்டி, விளிம்பைத் துடைத்து மூடியை இறுக்கினார். குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீர் விட வேண்டும், விளிம்பில் மண் ஒட்டியிருந்தால் அளவு தப்பிவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். அத்தனை தெளிவு. இவ்வளவு நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்த மனுஷன், அத்தனை நாளும் எனக்குக் கோனின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாரே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.