பிரிட்டனில் மின்காரும் இரவு நேர மின்கட்டணமும்

பிரிட்டனில் மின்சாரக் கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை மைல் ஓடும் என்பதைத்தான். வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா, நேரவாரியாக மின்செலவைப் பதியும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியாகிவிட்டதா என்று நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன். ஒரே கார் ஒரே தூரம் ஓடுவதற்கு ஆகும் செலவு, மின்சாரத்தை எங்கே, எந்த நேரத்தில் ஏற்றினோம் என்பதைப் பொறுத்து இந்நாட்டில் ஏறத்தாழப் பத்து மடங்கு வரை மாறக்கூடும். 2025-ஆம் ஆண்டில் சாதாரண வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 25 பென்ஸை ஒட்டி இருந்தபோது, மின்கார் வைத்திருப்போருக்கான திட்டங்களில் இரவு நேர யூனிட் 7 பென்ஸ் அளவிலும் கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்து அதிவேக சார்ஜர்களிலோ 75 பென்ஸைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது.

ஆண்டுக்கு 7,000 மைல் ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு மூன்றரை மைல் என்றால் 2,000 யூனிட். வீட்டில் ஏற்றும்போது வழியில் இழக்கும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் 2,200 யூனிட். இரவுக் கட்டணத்தில் இதற்கு 154 பவுண்ட், சாதாரணக் கட்டணத்தில் 550 பவுண்ட், முழுவதையும் அதிவேக நிலையங்களிலேயே ஏற்றினால் 1,500 பவுண்டுக்குக் குறையாது. இரவுத் திட்டங்கள் சிலவற்றில் பகல் யூனிட்டின் விலை சற்றே கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பகல் யூனிட்டுக்கு 5 பென்ஸ் கூடி, வீட்டில் பகலில் 2,300 யூனிட் செலவானால், அந்த வகையில் மட்டும் 115 பவுண்ட் கையை விட்டுப் போகும். குளிர்பெட்டி முதலியவை இரவில் எடுக்கும் சில நூறு யூனிட்டுகள் மலிவாவதால் அதில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும் என்றாலும், மாதம் ஓரிரு முறை மட்டுமே காரை எடுப்பவருக்கு இந்தத் திட்டத்தால் பெரிய ஆதாயம் எதுவும் மிஞ்சாது. பெரும்பாலான விளம்பரங்கள் இரவு விலையைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டுப் பகல் விலையைச் சிறிய எழுத்தில் வைப்பதால், இந்தக் கணக்கை அவரவரே போட்டுப் பார்ப்பது நல்லது.

இரவு மின்சாரம் மலிவாகக் கிடைப்பது மின்கார்களுக்காக வந்த புதிய ஏற்பாடு அல்ல. நிலக்கரி, அணு மின்நிலையங்களை மாலையில் நிறுத்திக் காலையில் மீண்டும் இயக்குவது எளிதல்ல என்பதால், ஊர் உறங்கும் நேரத்தில் மிஞ்சும் மின்சாரத்துக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. 1978-இல் வந்த ‘எகானமி 7’ என்ற ஏழு மணி நேர இரவுக் கட்டணம் அதற்காகவே ஏற்பட்டது. இரவில் உள்ளிருக்கும் செங்கற்களைச் சூடாக்கிப் பகலில் அந்த வெப்பத்தை மெல்ல வெளியிடும் கனமான ஹீட்டர்கள் அந்தக் காலத்து வீடுகளில் இன்றும் சுவரோரம் நிற்கின்றன. அந்த வீடுகளின் மீட்டர்கள் பலவற்றுக்குக் கட்டணம் மாறும் நேரத்தை அறிவித்தது பிபிசி ரேடியோ 4-இன் 198 கிலோஹெர்ட்ஸ் நீண்ட அலைவரிசையில், கேட்பவர் காதுக்குப் புலப்படாமல் கலந்து அனுப்பப்பட்ட ஒரு சமிக்ஞை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. இப்போது நிலக்கரி இல்லை; நாட்டின் கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டதோடு அந்தக் கதை முடிந்தது. அந்த இடத்தைக் காற்றாலைகள் பெருமளவு பிடித்திருக்கின்றன. நள்ளிரவில் தேவை குறைந்திருப்பதைக் காற்று அறியாது ஆகையால், மிஞ்சும் மின்சாரம் என்ற பழைய சிக்கல் வேறொரு காரணத்தோடு தொடர்கிறது.

இரவு 11.30 முதல் காலை 5.30 வரை என்பது போன்ற ஆறு மணி நேர மலிவு நேரம் காருக்குப் போதுமா என்பது சார்ஜரைப் பொறுத்தது. இங்குள்ள ஒற்றை முனை இணைப்பில் 32 ஆம்பியர் சுவர் சார்ஜர் சுமார் 7.4 கிலோவாட் தரும். ஆறு மணி நேரத்தில் 44 யூனிட் ஏறும், அது கிட்டத்தட்ட 140 மைலுக்கு வரும். சாதாரண மூன்று பின் பிளக்கில் 10 ஆம்பியரே எடுப்பதால் அதே நேரத்தில் 14 யூனிட்டுக்கும் குறைவுதான் ஏறும். நாளொன்றுக்கு முப்பது மைல் போய் வருபவருக்கு அதுவே தாராளம் என்றாலும், வெளியூர் சென்று திரும்பிய மறுநாள் காலை அதன் போதாமை தெரிந்துவிடும்.

மலிவு நேரம் தொடங்கும் அந்த நொடியில் எல்லாக் கார்களும் ஒன்றாக மின்சாரம் இழுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2024 ஜனவரியில் பிரிட்டனில் பதிவான பேட்டரி கார்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. அத்தனையும் இரவு 11.30 மணிக்கு ஏழு கிலோவாட் வீதம் இழுத்தால் 7,000 மெகாவாட் தேவைப்படும். கட்டப்பட்டுவரும் ஹிங்க்லி பாயின்ட் சி அணு மின்நிலையத்தைப் போல் இரண்டுக்கும் மேல் வேண்டும். நடைமுறையில் அத்தனை கார்கள் ஒரே இரவில் இணைக்கப்படுவதில்லை. ஆயினும் ஒரு தெருவுக்குரிய மின்மாற்றிக்குப் பத்துப் பதினைந்து கார்களே பெரிய சுமை. ஆகவே 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பிரிட்டனில் விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள், வார நாள்களின் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் 10 வரையும் உள்ள உச்ச நேரங்களைத் தவிர்க்குமாறு முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அத்துடன், குறித்த நேரத்திலிருந்து பத்து நிமிடம் வரை தற்செயலாகத் தாமதித்துத் தொடங்கவும் வேண்டும். 11.30-க்குத் தொடங்க வேண்டிய கார் 11.37-க்குத் தொடங்கினால் அது பழுதன்று.

ஆக்டோபஸ் எனர்ஜியின் ‘இன்டெலிஜென்ட் ஆக்டோபஸ் கோ’ போன்ற திட்டங்கள் இதிலும் ஒரு படி மேலே போகின்றன. காலை எத்தனை மணிக்குள் எத்தனை சதவீதம் வேண்டும் என்பதை மட்டும் நாம் செயலியில் சொல்கிறோம். எந்த அரைமணி நேரங்களில் ஏற்றுவது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. இரவு 11.30 முதல் காலை 5.30 வரை வீடு முழுவதற்கும் மலிவு விலை. என் காரின் பிளக்கை யாரோ தொலைவிலிருந்து ஆட்டிவைப்பதா என்று தயங்குவோரை எனக்குத் தெரியும். தேவையெனில் உடனே ஏற்றும் வசதியும் செயலியிலேயே இருப்பதால் அந்தத் தயக்கம் எனக்கில்லை.

அமைக்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, நேர அட்டவணையை ஒரே இடத்தில் மட்டும் வைப்பது. காரிலும் அட்டவணை, சார்ஜரிலும் அட்டவணை, நிறுவனச் செயலியிலும் அட்டவணை என்று வைத்தால், மூன்றும் ஒத்துப்போகும் நேரத்தில் மட்டுமே மின்சாரம் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் விடியும்போது பேட்டரி இருந்தபடியே இருக்கும். பழைய எகானமி 7 மீட்டர் வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவற்றுள் பல ஆண்டு முழுவதும் கிரீனிச் நேரத்தையே பின்பற்றுவதால், கோடையில் மலிவு நேரம் சுவர்க்கடிகாரப்படி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் துணி உலர்த்தியையும் இரவுக்கு மாற்றச் சொல்லி அறிவுரைகள் வருகின்றன. ஆள் உறங்கும்போது அவற்றை ஓடவிட வேண்டாம் என்பது தீயணைப்புத் துறையினரின் அறிவுரை. சில பென்ஸுகளுக்காக அதை மீற எனக்கு மனமில்லை.

அரைமணிக்கு ஒரு விலை என மாறும், ஆக்டோபஸ் நிறுவனத்தின் ‘அஜைல்’ திட்டத்தில் மறுநாளைய விலைகள் மாலை நான்கு மணி வாக்கில் வெளியாகும். காற்று பலமாக வீசும் இரவுகளில் விலை சுழியத்துக்கும் கீழே போய், மின்சாரம் எடுத்ததற்கு நமக்கே பணம் வரும் நேரங்களும் உண்டு. காற்று ஓய்ந்த குளிர்கால மாலையிலோ விலை கூரையைத் தொடும். பங்குச்சந்தை போல் விலைப்பட்டியலை நாள்தோறும் பார்ப்பதில் இன்பம் காண்போருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு நிலையான இரவு விலையே போதும் என்பது என் கருத்து.

இவ்வளவும் வாசலில் இடம் உள்ளவர்களுக்குத்தான். தமிழர்கள் நிறைந்த கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் வரிசை வீடுகளே அதிகம். கார் தெருவில் நிற்கும், இடையில் நடைபாதை இருக்கும். நடைபாதையில் சிறு பள்ளம் வெட்டி அதன் வழியே கேபிளைக் கொண்டுசெல்ல அனுமதிக்கும் உள்ளாட்சி மன்றங்கள் சில உண்டு. ஆனால் வீட்டெதிரே கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்பதற்கு அந்த அனுமதி உறுதியளிப்பதில்லை. வாசலில் இடமுள்ளவர் வீட்டு மின்சாரத்துக்குச் செலுத்தும் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். தெருவோரப் பொது சார்ஜரை நம்பியிருப்பவர் பெரும்பாலும் செலுத்துவது 20 சதவீதம்.