தங்கவயலில் வழிகாட்டி வேலை

கோலார் தங்கவயலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உள்ளே இறங்கலாமா?" என்பதுதான். முடியாது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றதும் கீழே தண்ணீர் ஏறிவிட்டது. மேலே நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்வதுதான் என் வேலை.

நடையை வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப் பக்கம் தொடங்க மாட்டேன். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக் காலத்து பங்களாக்களைப் பார்த்ததும் "குட்டி இங்கிலாந்து" என்று படம் பிடித்துக்கொள்வார்கள். பிறகு எதைக் காட்டினாலும் மனசில் ஏறாது. அதனால் முதலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அதாவது வரிசை வீடுகள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறிய இடம். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு இங்கே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த ஊர் என்ற கணக்கை இதற்குப் பிறகுதான் சொல்வேன்.

லைன்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவுக்குள் கேமராவை நீட்டக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை. நான் பேசும்போது, காசு கொடுத்து வந்தவர்களோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "மூணு கிலோமீட்டர் ஆழம்னு மட்டும் சொல்லாத தம்பி. ஒரே லிஃப்டுக் கேஜுல போற ஆழமா அது? மாறி மாறி இறங்கணும்னு சொல்லு" என்பார் ஒருவர். அப்புறம் பேச்சு அவருடையதாகிவிடும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் பாறை, திடீரென வெடித்துச் சிதறும் சுவர், கல்தூசி அரித்த நுரையீரல். அவர் பேசும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வதும் வேலையில் சேர்த்திதான்.

பெங்களூர் ஐடிக்காரர்களை நிமிர வைப்பது வேறு விஷயம். காஸ்மிக் கதிர்களின் தொந்தரவு குறைந்த இடம் தேடி, ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965இல் இங்கே நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைப் பிடித்தார்கள். உடனே கேள்விமேல் கேள்வி வரும். கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பற்றிச் சொன்னபோது ஒரு கேள்வியும் வந்திருக்காது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் சிவனசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் இந்தச் சுரங்கங்களுக்கு வந்தது, பெங்களூருக்கு 1905இல்தான் போனது என்று சொல்லும்போது என் குரலிலும் பெருமை ஏறிவிடுகிறது.

சயனைடு மேட்டில்தான் எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். சினிமா பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அதுதான் தங்கவயல். பாறையை மாவாக அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் கொட்டிய சக்கை அது. காற்றடித்தால் அந்தத் தூசி சோற்றுப் பானைவரை வரும் என்று சொன்னதும் சிலர் துப்பட்டாவால் மூக்கை மூடுவார்கள்.

இப்போது இங்கே என்ன பிழைப்பு என்றும் கேட்பார்கள். விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயில் ஏறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புவது. வார நாளில் நடை வைத்தால் லைன்களில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் மட்டும்தான் பார்க்கலாம். அதனால் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆள் சேர்க்கிறேன்.