டாஹாவ் நிலக்கரி முற்றம்: மூன்றாவது வாரம்

பொம்மைகள் வைத்து நான் செய்துவரும் சிறு காட்சி மாதிரியின் (டயோராமா) சுவர் ஒருவழியாக நின்றுவிட்டது. முதலில் செய்தது வெயிலில் காய்ந்ததும் வாழைப்பட்டை மாதிரி வளைந்துபோனது. ஃபோம் போர்டுக்கு ஒரு பக்கம் மட்டும் பட்டி பூசினால் அப்படித்தான் ஆகும் என்று தெரியும், சோம்பல். இரண்டாவதுக்கு இருபுறமும் பூசி, தடித்த அகராதி ஒன்றைப் பாரம் வைத்து நிழலில் இரண்டு நாள் காயவிட்டேன்.

இந்த வாரம்தான் படிக்க வந்தவர்களுக்கு: 1945 ஏப்ரல் 29 அன்று மியூனிக் அருகே இருந்த டாஹாவ் வதைமுகாமுக்குள் அமெரிக்கப் படை நுழைந்தது. முகாமைக் காவல் காத்த நாஜிப் படையான எஸ்.எஸ். வளாகத்தின் நிலக்கரி முற்றத்தில், பிடிபட்ட எஸ்.எஸ். ஆட்களைச் சுவரோரம் நிறுத்தியிருந்தபோது அமெரிக்க வீரன் ஒருவனின் இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. அந்த வீரர்களின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஃபீலிக்ஸ் ஸ்பார்க்ஸ் ஒரு கையை நீட்டி, மறு கையால் வானத்தை நோக்கிச் சுட்டு அதை நிறுத்தும் புகைப்படம் இருக்கிறது. அதைத்தான் 1:35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன்.

தரையெல்லாம் கரித்தூள், அதன்மேல் குறுகிய தண்டவாளம் என்று ஸ்பார்க்ஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். கறுப்பு பெயிண்ட் அடித்துப் பார்த்தேன், தார் ரோடு போல இருந்தது. இஸ்திரிக்காரரிடம் ஒரு கைப்பிடி கரி வாங்கி, பொடித்து, டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால்மேல் தூவினேன். அசல் கரி அசல்தான். வடிகட்டிக்காக வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

தோள் சின்னத்துக்கு ஒரு முழு ஞாயிறு போனது. ஸ்பார்க்ஸும் அவர் வீரர்களும் இருந்த 45ஆம் காலாட்படை டிவிஷனின் அடையாளம், சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் தண்டர்பேர்ட், அதாவது செவ்விந்தியக் கதைகளில் வரும் இடிப்பறவை. இந்த அளவில் அது ஒன்றரை மில்லிமீட்டர்தான். போருக்கு முன்புவரை அதே இடத்தில் செவ்விந்தியர் மரபிலிருந்து எடுத்த ஸ்வஸ்திகா இருந்தது. ஹிட்லர் வந்த பிறகு அதைக் கைவிட்டுப் பறவைக்கு மாறினார்கள். பல்குச்சியால் மஞ்சள் புள்ளி வைக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வந்தது.

தகராறு அந்த இயந்திரத் துப்பாக்கிக்காரனோடுதான். கடையில் வாங்கிய மாடல் கிட்டில் வந்த பொம்மை பல்லைக் கடித்துக்கொண்டு வீராவேசமாகப் படுத்திருக்கிறது. ஸ்பார்க்ஸ் சொல்வது வேறு. ஓடிவந்து பூட்ஸ் காலால் உதைத்துத் தள்ளி, காலரைப் பிடித்துத் தூக்கினால், சுமார் 19 வயதுப் பையன், தேம்பித் தேம்பி அழுகிறான். ‘தப்பிக்கப் பார்த்தார்கள்’ என்கிறான். ஸ்பார்க்ஸே அதை நம்பவில்லை. எனவே அந்த முகத்தைச் சுரண்டிவிட்டு எபாக்சி மாவில் புதிதாகச் செய்கிறேன். இரண்டு தலை வீணாகிவிட்டது.

சரக்கு ரயில்பெட்டி ஒன்றும் வைக்கலாமே என்று நண்பர் கேட்டார். முற்றத்துக்கு வருமுன் அந்த வீரர்கள் பார்த்தது அதைத்தான்: புகன்வால்ட் என்ற இன்னொரு வதைமுகாமிலிருந்து வந்த சுமார் 40 பெட்டிகள், உள்ளே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள். பெட்டியை வைத்தால் பார்ப்பவர் ‘சரிதான், சுட்டது நியாயம்’ என்று கணக்கை முடித்துவிடுவார். வைக்காவிட்டால் அந்தப் பையன் வானத்திலிருந்து குதித்த கொலைகாரன் ஆகிவிடுவான். சரணடைந்தவனைச் சுடுவது குற்றம், அதில் எனக்குக் குழப்பமில்லை. ராணுவம் விசாரித்தும் யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் பலகையில் பதினைந்து சென்டிமீட்டர் ஒட்டுப்போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

சுவரடியில் கிடப்பவர்களில் யார் செத்தவர், யார் பயத்தில் விழுந்து படுத்தவர் என்று படத்தில் பிரிக்கவே முடியாது. முற்றத்தில் செத்தவர்கள் சுமார் 12 பேர் என்கிறார் ஸ்பார்க்ஸ். 17 என்பாரும் உண்டு. அன்று முகாம் முழுக்கச் சேர்த்தே ஐம்பதைத் தாண்டாது என்பது ஸ்பார்க்ஸின் கணக்கு. 520 என்று ஒரு மருத்துவ அதிகாரி பிறகு எழுதியதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. எனவே கிடக்கும் பொம்மை எதற்கும் ரத்தம் பூசவில்லை.

முகம் காய்ந்ததும் கண் வரைய வேண்டும். அழுத கண்ணுக்கு இமையோரம் லேசாகச் சிவப்பு வேண்டும். சிவப்பு டப்பாவை அதற்குத்தான் திறக்கப்போகிறேன்.