ஒரு மணிக்குப் படகு

தான்சானியாவின் சான்சிபார் தீவில் படகுக்காரர் "நாளைக்கு ஒரு மணிக்கு வந்துடுங்க" என்று ஆங்கிலத்தில்தான் சொன்னார். நானும் நிதானமாக எழுந்து, சாப்பிட்டு, தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஜம்பியானி கடற்கரைக்குப் போய் நின்றால் கடலையே காணோம். முந்தின நாள் சாயங்காலம் விடுதிப் படிக்கட்டு வரை வந்து அடித்த தண்ணீர், எங்கேயோ தூரத்தில் பவளப்பாறை மேல் வெள்ளைக் கோடாக நுரைத்துக்கொண்டிருக்கிறது. நான் ஏறவேண்டிய படகு மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது.

படகுக்காரருக்கு என்னைவிடக் கோபம். காலை 7 மணியிலிருந்து காத்திருந்தாராம்!

விஷயம் இதுதான். சுவாஹிலிக் கணக்கில் பொழுது விடிவதிலிருந்துதான் மணி எண்ணுவார்கள். நம் காலை 7 அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. பூமத்திய ரேகைக்கு 6 டிகிரி தெற்கே இருக்கும் தீவு, வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிப்பதால் இந்தக் கணக்கு பிசகுவதே இல்லை. நம் ஜாதகங்களிலும் உதயாதி நாழிகை என்று சூரிய உதயத்திலிருந்து எண்ணியவர்கள்தானே நாம், எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சரி, படகுதான் போச்சு என்று கடல் விட்டுப்போன மணலில் நடந்தேன். (செருப்பில்லாமல் இறங்காதீர்கள், கடல் முள்ளெலி குத்தினால் அந்த நாள் அவ்வளவுதான்.) முழங்கால் தண்ணீரில், இடுப்பில் சுற்றிய கங்கா துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் குச்சிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றிலிருந்து கடல்பாசி பறித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே இந்தச் சாகுபடி 1989 வாக்கில் தொடங்கியது. பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் கெட்டிப்படச் சேர்க்கிற பொருள் இதிலிருந்துதான் வருகிறது. ஈரப் பாசி மூட்டை ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார் ஒரு அம்மா, இடுப்பு வரைகூட எனக்கு வரவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், பித்தளைக் குமிழ் வைத்த கதவுகளின் படங்களும் ஏராளம். நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் கட்டிய தேவாலயத்துக்குப் போங்கள், போனுக்கு அங்கே வேலை இல்லை. வெளியே வந்து தெருவோரத்தில் ஊரோஜோ வாங்கிச் சாப்பிடுங்கள்: மஞ்சளும் மாங்காயும் சேர்த்த புளிப்புக் குழம்பு, அதில் பஜ்ஜியா, உருளைக்கிழங்கு, மேலே மொறுமொறுவென்று மரவள்ளிச் சீவல். இரண்டு கிண்ணம் காலி. இன்னொன்று, 2024 அக்டோபர் முதல் தீவுக்கென்று தனியாக 44 டாலர் காப்பீடு கட்டாயமாகிவிட்டது, அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் படகு. மறுநாள் இரண்டு மணி என்றார் படகுக்காரர், படகு மிதக்கிற அளவுக்குக் கடல் ஏறும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகுமாம். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி, எட்டின் மேல் விரலை வைத்து நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே விரலை எடுத்து, கொஞ்சம் முன்னால், ஏழே முக்காலில் வைத்தார்.