சியாங் மாய்ல ஒரு பிக்கு கூட நட்பு

தாய்லாந்துக்கு ஊழியத்துக்கு வர்றவங்க கிட்ட மூத்த மிஷனரிங்க மறக்காம சொல்ற ஒரு விஷயம் இருக்கு. 1828லயே முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிங்க பாங்காக்ல வந்து இறங்கிட்டாங்க, இன்னிக்கும் இந்த நாட்டுல கிறிஸ்தவங்க நூத்துக்கு ஒருத்தரோ என்னவோ தான் இருப்பாங்க. இதக் கேட்டுட்டு வேலைய ஆரம்பிக்கறப்போ பிக்குன்னாலே எதிர்ல நிக்கறவர்ங்கற நினைப்பு நமக்குள்ள தானா வந்துடும். எனக்கு அது மாறினது ஒரு பிக்குவோட பழகினதால, அதனால தான் இத எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

தாய்லாந்து மொழி கத்துக்கிட்டிருந்த சமயம், பேசிப் பழக ஆள் வேணும். வட தாய்லாந்துல சியாங் மாய் நகரத்துல இருக்கற வாட் சுவான் டோக் கோயில்ல மாங்க் சாட்னு ஒண்ணு நடக்கும், அந்தக் கோயில் வளாகத்துலயே பிக்குங்களோட பல்கலைக்கழகக் கிளை இருக்கறதால அங்க படிக்கற பிக்குங்க வெளிநாட்டுக்காரங்களோட உக்காந்து இங்கிலீஷ் பேசிப் பழகுவாங்க. அங்க தான் இவரப் பார்த்தேன். நான் மிஷனரின்னு முதல் நாளே சொல்லிட்டேன், மறைச்சு வச்சுப் பழகறது எனக்குப் பிடிக்காது. அவர் சிரிச்சுக்கிட்டே "நான் பொறந்ததே மெக்கார்மிக் ஆஸ்பத்திரியில தான் ஆச்சான்"னார். அது மிஷனரிங்க ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. ஆச்சான்னா ஆசிரியர், இங்க பாஸ்டரையும் அப்படித் தான் கூப்பிடுவாங்க, அவரையும் நான் அப்படித் தான் கூப்பிடறேன்.

சியாங் மாய் சரித்திரம் அவருக்கு அத்துப்படி. 1867ல மெக்கில்வரிங்கற மிஷனரி குடும்பத்தோட இங்க வந்தது, 1908ல பிங் ஆத்துத் தீவுல தொழுநோயாளிகளுக்கு மெக்கீன் இல்லம் ஆரம்பிச்சது, அதுக்கு இந்த ஊர் அரச குடும்பமே இடம் கொடுத்தது எல்லாம் சொல்வார். ஆனா 1869ல இயேசுவ ஏத்துக்கிட்ட ரெண்டு பேர அப்போ சியாங் மாய் மன்னரா இருந்த காவிலோரோட் கொல்ல வச்சத நான் சொல்லித் தான் கேள்விப்பட்டாராம். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அந்த ரெண்டு பேரு என்ன தொழில் பண்ணாங்க, அவங்க குடும்பம் என்னாச்சுன்னு கேட்டார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லாம அவர் அப்படிக் கேட்டது எனக்கு அவர் மேல பெரிய மரியாதைய உண்டாக்குச்சு.

ஒரு நாள் சாயங்காலம் இளம் துறவியான ஒரு சின்ன சாமணேரனையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தார். பிக்குங்களுக்கு மத்தியானத்துக்கு மேல சாப்பாடு கிடையாது, அதனால பால் போடாத காப்பி. என் மனைவி கப்ப நீட்டினதும் அவர் பையில இருந்து ஒரு துணிய எடுத்து முன்னாடி விரிச்சு, அதோட ஓரத்தக் கையில பிடிச்சுக்கிட்டு, துணி மேல வைங்கன்னு கண்ணால காட்டினார். பெண்கள் கையில இருந்து நேரா வாங்கக் கூடாதுங்கறது அவங்க முறை. அவர் அத செஞ்ச விதத்துல ஒரு பணிவு இருந்ததால என் மனைவிக்கு வருத்தமே இல்ல, அடுத்த தடவை அவளே துணிய எதிர்பார்த்து நின்னா. பிக்குங்களுக்கான 227 விதிய ஒரு மனுஷன் தினமும் சுமந்துக்கிட்டு நடக்கறதப் பக்கத்துல இருந்து பாக்கறப்போ, நம்ம ஜெப வாழ்க்கைய நாம எவ்வளவு லேசா எடுத்துக்கறோம்னு எனக்கு உறைச்சது.

நாங்க பேசினதுலயே ரொம்ப நேரம் ஓடினது ஒரே கேள்வி மேல. தம்மபதம்ங்கற புத்த நூல்ல 165வது பாட்டு, தீமைய செய்றதும் அவனவன் தான், அதனால அழுக்காகறதும் அவனவன் தான், ஒருத்தர இன்னொருத்தர் சுத்தமாக்க முடியாதுன்னு சொல்லுது. அத புத்த நூல்களோட மொழியான பாளியிலயே சொல்லிட்டு, "நான் செஞ்சத உங்க இயேசு எப்படித் தூக்கிக்க முடியும், அது நியாயமா?"ன்னு கேட்டார். நான் பைபிள்ல மத்தவங்க பாவத்த ஒருத்தர் சுமக்கறதப் பத்திச் சொல்ற ஏசாயா 53 எடுத்து வாசிச்சேன், கடனைக் கொடுத்தவரே அத ஏத்துக்கிட்டா யாரு தடுக்க முடியும்னு சொன்னேன். அவர் ஒத்துக்கல, கடன் கொடுத்தவர்னு ஒருத்தர் இருக்காருங்கறதே எங்க போதனையில இல்லையேன்னார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி அன்னிக்கு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. எல்லா மதமும் ஒண்ணு தான்னு ஈஸியா சொல்லிடறாங்களே, அது அவர் இத்தனை வருஷம் படிச்ச படிப்புக்கும் மரியாதை இல்ல, சிலுவைக்கும் மரியாதை இல்ல.

அப்புறம் எங்க சபையில ஒரு வயசான அம்மா இறந்துட்டாங்க. குடும்பத்துல அவங்க மட்டும் தான் விசுவாசி, பசங்க எல்லாம் புத்த மதம். கிறிஸ்தவ முறையில அடக்கம் பண்ணணும்னு அம்மா முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க, ஆனா மூத்த பையனுக்கு மனசு கேக்கல, பிக்குங்க வந்து ஓதலைன்னா அம்மாவுக்குப் புண்ணியம் போய்ச் சேராதே, ஊர் என்ன பேசும்னு ஒரே தவிப்பு, அழுகை. நான் என்ன பேசினாலும் அது என் கட்சிக்குப் பேசற மாதிரி தான் அவருக்குக் கேக்கும், அதனால என் பிக்கு நண்பருக்கு ஃபோன் பண்ணேன். ஓத வரல, தெரிஞ்சவங்க வீட்டு துக்கத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்தார். நாங்க பாட்டு பாடி முடிக்கற வரைக்கும் ஓரமா நாற்காலியில உக்காந்திருந்தார். அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "அம்மா உயிரோட இருக்கறப்போ கேட்டத செய்ங்க, புள்ளைங்க அவங்களுக்கு செய்ற நன்மை அது தான். உங்க மனசுக்கு வேணும்னா கோயில்ல வந்து தானம் பண்ணுங்க, நான் இருக்கேன்"னார். அந்தப் பையன் அதுக்கப்புறம் தான் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சார். அடக்கம் அம்மா கேட்டபடியே நடந்துச்சு, பசங்க அவங்க முறைப்படி கோயில்ல தானமும் பண்ணாங்க, அதுல நான் குறுக்க நிக்கல.

இதக் கேட்ட நம்ம ஆளுங்க சிலர், பிக்குவ ஏன் கிறிஸ்தவ அடக்கத்துக்குள்ள விட்டீங்க, இதனால எத்தனை ஆத்துமா வந்துச்சுன்னு கேட்டாங்க. மாசா மாசம் அனுப்பற ரிப்போர்ட்ல ஞானஸ்நானம் எத்தனை, கூட்டம் எத்தனைன்னு தான் கட்டம் இருக்கு, ஒரு வீட்டுல சண்டை வராம அம்மாவ அடக்கம் பண்ணோம்ங்கறத எழுத இடம் இல்ல. ஆனா அந்தப் பெரிய பையன் இப்பவும் வழியில என்னப் பாத்தா வண்டிய நிறுத்திப் பேசறார். ஊழியம்னா இதுவும் சேர்த்துத் தான்னு நான் உறுதியா நம்பறேன்.

எங்க குடும்ப ஜெபத்துல அந்தப் பிக்குவோட பேர் இருக்கு. அவர் இயேசுவ அறியணும்னு தான் ஜெபிக்கிறேன், அத அவர் கிட்டயே சொல்லியிருக்கேன். "செய்ங்க ஆச்சான், நானும் மெத்தா பாவனை (எல்லாரும் நல்லா இருக்கணும்னு நினைக்கற அன்புத் தியானம்) பண்றப்போ உங்க வீட்ட சேர்த்துக்கறேன்"னார். இப்போ பாளி பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கார், அதுக்கு நடுவுலயும் ரெண்டு பேரும் தாய்லாந்து மொழி பைபிள்ல ரோமர் நிருபம் வாசிக்கறோம். அடுத்து 7ஆம் அதிகாரம், நன்மை செய்ய விரும்பியும் தீமையே செய்றேன்னு பவுல் புலம்பற இடம். அத அவர் லேசுல விட மாட்டார், நான் நல்லாப் படிச்சுட்டுப் போகணும்.