ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு பேண்டு கச்சேரி

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பஸ், ரூம், செலவுக் கணக்கெல்லாம் பிறகு. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாருக்கும் குலசேகரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில், கோடை விடுமுறை மாலைகளில் ஊர்க்காரர்களே சேர்ந்து பேண்டு வாசிக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. சபையின், அதாவது ஊர்த் தேவாலயத்தின், முன்னால் இருக்கும் மைதானத்தில், அயனி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு உட்கார்ந்து ஊதுகிறார்கள். சபாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் நிறையக் கேட்டவன் நான். இந்த வருடம் கேட்டதில் இதற்குத்தான் முதலிடம், சந்தேகமே இல்லை.

ஊர்ப் பெயரைப் போடவில்லை. பேண்டு மாஸ்டர் அப்படிக் கேட்டுக்கொண்டார். போன கோடையில் யாரோ வீடியோ எடுத்துப் போட, ஒரு கூட்டம் வந்து மைதானத்துக்குள்ளேயே பைக்கை முறுக்கியிருக்கிறது. "கேக்க வாறவிய வரட்டும் மக்களே. படம் பிடிக்க வாறவியளுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்றார். உண்மையிலேயே கேட்கப் போகிறவர்கள் திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கத்து சாயாக்கடைகளில் விசாரியுங்கள், வழி சொல்வார்கள்.

திருச்சியிலிருந்து நாகர்கோவில் போன கதையை எரிச்சலோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மே மாதம் என்பதால் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் அசையவே இல்லை. வேறு வழியில்லாமல் ஆம்னி பஸ். சாதாரண நாளில் 700 ரூபாய்க்குக் கிடைக்கிற ஸ்லீப்பருக்கு 1,450 ரூபாய் வாங்கினார்கள். விருதுநகர் தாண்டியதும் ஏசியிலிருந்து தண்ணீர் என் தலையணை மேல் சொட்ட ஆரம்பித்தது. கிளீனரிடம் சொன்னால் ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து துவாரத்தில் செருகிவிட்டுப் போனார். அந்தத் துண்டும் நனைந்து கனத்து, கோவில்பட்டிக்கு முன்னாலேயே என் மேல் விழுந்தது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறக்குவோம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தும், விடிவதற்குள் அப்டா மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டார்கள். அங்கே காத்திருந்த ஆட்டோக்காரர் வடசேரிக்கு 300 கேட்டார். அவ்வளவு தூரமே கிடையாது. பேசிப் பேசி 180-க்கு வந்தார், அதுவும் அநியாயம்தான். கோடையில் குமரிக்கு வருகிறவர்களை இப்படி மொட்டையடிப்பதை யாராவது கேட்க வேண்டும். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே போய்விட்டது.

வடசேரியிலிருந்து தக்கலை வழியாகக் குலசேகரம் போகும் அரசு பஸ்ஸில் ஏறியதும் மனசு மாறிவிட்டது. 50 ரூபாய்கூட ஆகவில்லை, ஜன்னலோர சீட். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மதில் தெரிந்தது. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிற்பாடு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. தக்கலை தாண்டினால் வெயில் குறைந்து இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் சாய்வான வெட்டு, அதன் கீழே கட்டிய கிண்ணம்.

குலசேகரத்தில் 700 ரூபாய்க்கு ஃபேன் ரூம், சுத்தமாக இருந்தது. மதியம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் சாளை (மத்தி) மீன் கறியும் சாப்பிட்டேன். இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. கிழங்கை வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள் அரைத்துச் சேர்த்து மரக்கரண்டியால் குழைத்திருந்தார்கள். சாளைக் கறி மண்சட்டியில் முந்தின நாள் வைத்தது. எண்ணெய் மேலே மிதந்து, புளி மீனுக்குள் இறங்கியிருந்தது. சாளையில் முள் அதிகம் என்று பயப்படுகிறவர்கள் இங்கே ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், முள்ளே மெத்தென்று ஆகியிருந்தது. பரிமாறிய அம்மா, "போதுமா மக்களே, இன்னும் இத்திரி கறி விடட்டா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். கடைசியில் இரண்டு மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இந்தக் குட்டி வாழைப்பழத்தின் மணத்துக்கு இணை கிடையாது. எல்லாம் சேர்த்து 110 ரூபாய். ஆம்னி பஸ்காரர் கெடுத்த மனசை அந்த அம்மா சரி செய்துவிட்டார்.

இனி பேண்டு. இந்த மாவட்டத்தில் பேண்டு வாத்தியம் தெரியாத வீடு கிடையாது. கடற்கரை ஊர்களில் பத்து நாள் திருவிழாவுக்குத் தேர் புறப்பட்டால் முன்னால் பேண்டு போகும். உள்நாட்டில் சபைநாள் பவனி, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பேண்டு உண்டு. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்ததிலிருந்து சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் இங்கே பள்ளிக்கூடங்களோடு சேர்ந்தே வளர்ந்தன. 1890-களில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பு நாகர்கோவிலில் வேரூன்றியது. அவர்கள் தொடங்கிய சின்ன மருந்தகம்தான் இன்றைக்குப் புத்தேரிப் பக்கம் இருக்கிற கேத்தரின் பூத் மருத்துவமனை. இரட்சணிய சேனைக்குப் பித்தளை வாத்தியம் வந்த விதத்தை மாஸ்டர்தான் எனக்குச் சொன்னார். 1878-ல் இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்துத் தெருக்களில் பிரசங்கம் செய்தவர்களை ரௌடிகள் அடித்தபோது, ஃப்ரை என்ற கட்டட வேலைக்காரர் தன் மூன்று மகன்களோடு காவலுக்கு வந்து நின்றார். வரும்போது தங்கள் வாத்தியங்களையும் எடுத்து வந்தார்கள். அதுதான் அந்தச் சேனையின் முதல் பேண்டு.

மாஸ்டர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இந்த ஊர் பேண்டைத் திருவிதாங்கூர் காலத்தில் தொடங்கியவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவராம். மற்ற நேரங்களில் நடந்து ஊதுகிறவர்கள், கோடையில் மட்டும் உட்கார்ந்து ஊதுவது என்ற வழக்கம் அப்போதே வந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக் காலையோடு வேலை முடிந்துவிடும். பெங்களூரு கப்பன் பூங்காவில் வெள்ளைக்காரன் காலத்து எண்கோண பேண்டு மேடையைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படிப்பட்ட மாலைக் கச்சேரிக்காகக் கட்டியதுதான். இங்கே மேடையின் வேலையை அயனி மரம் பார்க்கிறது.

ஐந்தரை மணிக்கு நான் போனபோது, ஒவ்வொருவராகச் சும்மா ஊதிக்கொண்டிருந்தார்கள். சுருதி சேர்ப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஊதியே ஆக வேண்டும். வாத்தியத்துக்குள் இருக்கிற காற்று சூடானால் சுருதி ஏறும், ஊதாமல் சேர்த்தால் இரண்டாவது பாட்டிலேயே கலைந்துவிடும் என்றார் மாஸ்டர். கிளாரினெட்காரர்கள் ரீடை, அதாவது ஊதுகிற முனையில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டையை, உதட்டில் கவ்வி நனைத்துக்கொண்டிருந்தார்கள். நோட்டுத் தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்கத் துணி காயப்போடுகிற கிளிப், ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு.

என் பக்கத்தில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை வைத்திருந்தவர் பால் வெட்டுகிறவர். விரல் இடுக்குகளில் ரப்பர் பால் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. கேட்டதும் வாத்தியத்தை என் மடியிலேயே தூக்கி வைத்தார். மீரட் நகரத்து ஜாலி கோட்டித் தெருவில் செய்தது. இந்தியாவில் பேண்டு வாத்தியம் என்றால் பெரும்பாலும் அந்த ஊர்ச் சரக்குதான். முதல் வால்வை அமுக்கினால் ஒரு முழு ஸ்வரம் இறங்கும், இரண்டாவதில் அரை, மூன்றாவதில் ஒன்றரை. ஒவ்வொரு வால்வும் காற்றைக் கூடுதலாக ஒரு குழாய் வழியாகச் சுற்ற விடுவதால் அப்படி ஆகிறது. "மூணு வெரலுதான் அண்ணா. மிச்சம் எல்லாம் உதடு" என்று சொல்லிவிட்டு, அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை மண்ணில் வடித்தார்.

ஒரு மார்ச்சில் ஆரம்பித்து, வால்ட்ஸ் ஒன்று, பிறகு பழைய சினிமாப் பாட்டு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பதை, டிரம்பெட்டில் கொண்டுவருவது கஷ்டம், வால்வு ஸ்வரத்தைத் துண்டு துண்டாகத்தான் கொடுக்கும். அதனால் மாஸ்டர் டிரம்பெட்டுகளுக்கு நேர் ஸ்வரங்களை மட்டும் கொடுத்துவிட்டு, இழைகிற இடங்களை எல்லாம் கிளாரினெட்டுக்கும் டிராம்போனுக்கும் பிரித்திருக்கிறார். டிராம்போனில் வால்வு கிடையாது, குழாயை முன்னும் பின்னும் இழுத்தால் போதும். ப்ளஸ் டூ முடித்த ஒரு பையன் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு அந்தக் குழாயை மெதுவாக இழுத்துக்கொண்டு போனான். அடியில் யூஃபோனியம் ஆதார ஸ்ருதியைப் பிடித்திருந்தது. இருபது பேரும் மூச்சை ஒரே இடத்தில் எடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து இடி. மேற்குக் குமரியில் மே மாத மாலை மழையை நம்பவே முடியாது. இரண்டு நிமிடத்துக்குள் ஊரே சேர்ந்து நாற்காலி, ஸ்டாண்டு, டிரம் எல்லாவற்றையும் பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றியது. பாட்டிகள் சேலைத் தலைப்பால் கிளாரினெட்டைப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். விட்ட சரணத்தை ஓட்டுக் கூரைக்கு அடியில் மறுபடி எடுத்தபோது சத்தம் சுவரில் மோதி இரட்டிப்பாகிவிட்டது. பேஸ் டிரம்காரர் மட்டும் கையால் தோலை அமுக்கிக்கொண்டே அடித்தார். மழை நிற்கும் வரை நிறுத்தவே இல்லை.

எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் எழுதியே தீர வேண்டும். இவர்களைத் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறவர்கள் உச்சி வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வைக்கிறார்கள். பின்னாலேயே லாரியில் ஆளுயர சவுண்டு பாக்ஸ், அதற்குப் பின்னால் கேரளத்துச் செண்டைகளோடு சிங்காரி மேளம். இந்தச் சத்தத்தில் கிளாரினெட் யாருக்குக் கேட்கும்? சிங்காரி மேளம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்கு இடம் வேறு. பேசிய பணத்தைக் கடைசி நேரத்தில் குறைக்கிற விழாக் கமிட்டிகளும் உண்டு என்று பையன்கள் சொன்னார்கள். ஒரு ரீடு உடைந்தால் சொந்தக் காசில் வாங்குகிறவர்களிடம் பேரம் பேசுவது அசிங்கம். ஊர்த் திருவிழா நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு மாலை பாக்ஸை அணைத்துவிட்டு பேண்டை உட்கார வைத்துக் கேளுங்கள். சுற்றுலா வருகிறவர்களும் விவேகானந்தர் பாறை, சூரிய உதயம், ஒரு செல்ஃபி என்று முடித்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறாதீர்கள். இந்த மாவட்டத்தின் பாதி அழகு தக்கலைக்கு மேற்கேதான் இருக்கிறது.

சொன்னபடி விவரங்கள். பகலில் திற்பரப்பு அருவியில் குளிக்கலாம். கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் விழுகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள், கூட்டம் தாங்காது. 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம்தான், 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடுகிற கால்வாய் ஓரமாகவே நடக்கலாம். உயரம் பயம் என்றால் கீழே பறளியாற்றங்கரையிலிருந்து பாருங்கள். ஆம்னி பஸ்ஸைக் கழித்துவிட்டால் இரண்டு நாளைக்கு ஒரு ஆளுக்கு 2,000 ரூபாய் தாராளம். ரயில் டிக்கெட்டை மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். கச்சேரி சனிக்கிழமை மாலைகளில், மழை இருந்தாலும் நடக்கும். முடிய எட்டரை ஆகிவிடும், அந்த நேரத்தில் உள்ளூர் பஸ்ஸை நம்ப முடியாது. போகும்போதே ஆட்டோவைத் திரும்புவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு 350 ஆனது. இந்த ஆட்டோக்காரர் மழையில் காத்திருந்ததற்குத் தனியாக ஒரு பைசா கேட்கவில்லை, அவருடைய மச்சினன்தான் அங்கே சைட் டிரம் அடிக்கிறாராம்.